சொந்தமாக எழுதிய ஒரு பக்கம்



பிளஸ் டூ முடிவு வந்த கையோடு நம் இதழுக்கு வரும் கடிதங்களின் பேச்சு மாறிவிடுகிறது. ‘மகனை ஜெர்மனிக்கு அனுப்பலாமா, கனடாவுக்கா?’ ‘ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் ஆறரை எடுத்தால் போதுமா?’ ‘வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் வாங்கலாம் என்கிறார் மைத்துனர், எனக்குப் பயமாக இருக்கிறது.’ இந்த முறை ஒரு தாய் தாளின் ஓரம்வரை நெருக்கி எழுதியிருந்தார். பெண் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு. பாஸ்போர்ட் எடுத்தாயிற்று, கோச்சிங்கில் சேர்த்தாயிற்று, கன்சல்டன்சிக்கு முன்பணமும் கட்டியாயிற்று. ‘இன்னும் என்ன தயார் செய்ய வேண்டும், சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தார்.

பணம், விசா, கல்விக்கடன் பற்றி இதழின் உள்ளே விவரமாக எழுதியிருக்கிறோம். ஒன்றை மட்டும் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கனடா 2024 ஜனவரியிலிருந்து, மாணவர் தன் செலவுக்குக் கையில் காட்ட வேண்டிய தொகையை 10,000 கனடா டாலரிலிருந்து 20,635 டாலராக்கியது. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்றாலும், ஓராண்டுச் செலவுக்கான தொகையை முடக்குக் கணக்கில் (பிளாக்ட் அக்கவுன்ட்) போட்டுக் காட்ட வேண்டும்; 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக இருந்தது. இந்தத் தொகைகள் இன்று எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளுக்கு மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவித்தொகை தருகின்றன. அது இருப்பதே தெரியாமல் வட்டிக்கு வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

அந்தத் தாய் கேட்ட ‘இன்னும் என்ன’ என்பதற்குத்தான் இந்தப் பக்கம்.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அந்த ஆண்டு சீனாவை முந்தி இந்தியா முதலிடத்துக்கு வந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மேற்படிப்புக்குப் போனவர்கள். அதாவது பெரும்பாலும் பள்ளியையும் பட்டத்தையும் இங்கே முடித்தவர்கள். பதினைந்து பதினாறு வருடம் நம் வகுப்பறைகளில் உட்கார்ந்து எழுந்தவர்கள். அங்கே போய் அவர்கள் நிமிர்ந்து நிற்பதிலும் தடுமாறுவதிலும் அந்தப் பதினாறு வருடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்று மாதக் கோச்சிங் அதை மாற்றிவிடாது.

போன பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். குளிர், வாடகை, சமையல், பகுதிநேர வேலை எல்லாம் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, பலரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். முதல் அசைன்மென்ட்.

பிரிட்டனில் எம்எஸ்சி சேர்ந்த ஒரு மாணவி என்னிடம் சொன்னது இது. இரண்டாயிரம் சொல்லில் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். நான்கு ஆய்வுக் கட்டுரைகளை டவுன்லோடு செய்து, ஒவ்வொன்றிலும் முக்கியமான பத்திகளைப் பொறுக்கி, வரிசைப்படுத்தி, நடுநடுவே ‘ஹவ்எவர்’, ‘தேர்ஃபோர்’ சேர்த்து, இரண்டு இரவு கண் விழித்து அழகாக முடித்து அனுப்பினாள். நல்ல மார்க் வரும் என்று நம்பினாள். வந்தது ஒரு மின்னஞ்சல், நேரில் வரச் சொல்லி. போனால், திரையில் அவள் கட்டுரை பத்திக்குப் பத்தி வண்ணம் பூசிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு எண், எந்த எண் எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்று ஓரத்தில் பட்டியல். டர்னிட்இன் என்ற மென்பொருள் செய்யும் வேலை அது. பேராசிரியர் சத்தம் போடவில்லை. ஒரு பத்தியைக் காட்டி, ‘இவர் சொல்வது சரி என்று நீ நினைக்கிறாயா?’ என்று மட்டும் கேட்டார். அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஆங்கிலம் தெரியாமல் இல்லை. அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதே இல்லை.

அவள் திருடவில்லை, வாசகர்களே. பன்னிரண்டு வருடம் பள்ளியிலும் நான்கு வருடம் கல்லூரியிலும் எதற்குப் பாராட்டு வாங்கினாளோ அதையே அங்கேயும் செய்தாள். புத்தகத்தில் டீச்சர் கோடு போட்டுக் கொடுத்த வரியை வரி பிசகாமல் எழுதினால் முழு மார்க். ஏழாம் வகுப்பில் ஒரு குழந்தை தன் வார்த்தையில் எழுதிவிட்டால், ‘புத்தகத்தில் உள்ளபடி எழுது’ என்று சிவப்பு மையில் குறிப்பு. கல்லூரிக்குப் போனால் டூ மார்க், சிக்ஸ்டீன் மார்க், கொஸ்டின் பேங்க். அசைன்மென்ட் என்றால் வகுப்பில் ஒருவர் எழுத, மற்ற ஐம்பது பேரும் அதைப் பார்த்து எழுதுவது. இதில் ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டுக் கட்டாகத் தாள்களை வைத்துக்கொண்டு, விடைக்குறிப்பில் உள்ள சொல் இருக்கிறதா என்று பார்த்து மார்க் போடச் சொல்லியிருக்கும் ஒருவர், சொந்த வாக்கியத்தை எங்கே நின்று ரசிப்பார்?

ஆய்வகத்திலும் இதே கதைதான். தனி ஊசல் சோதனை எல்லோரும் செய்திருப்பீர்கள். நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, இருபது அலைவுக்கு எத்தனை நொடி என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்த்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்பது முன்கூட்டியே தெரியும். கையில் வந்தது 9.3 என்றால் பிள்ளை என்ன செய்கிறது? ரப்பரை எடுத்து அழித்து, 9.8 வரும்படி நொடிகளைத் திருத்தி எழுதுகிறது. அதுவும் முடியாவிட்டால் சீனியரின் ரெக்கார்டு நோட்டு இருக்கவே இருக்கிறது. கையெழுத்து விழுந்துவிடும். வெளிநாட்டு ஆய்வகத்தில் அந்த 9.3-தான் பாடம். நூலின் நீளத்தை எங்கிருந்து எங்கே வரை அளந்தாய், வாட்ச்சை அழுத்துவதில் எவ்வளவு தாமதம், ஊசலை அதிகக் கோணத்தில் ஆட்டிவிட்டாயா என்று யோசித்து எழுதுவதற்குத்தான் அங்கே மார்க். நம் பிள்ளை அழித்துவிட்டு வந்த இடத்தில்தான் இயற்பியல் இருந்தது.

இந்த இடத்தில் எனக்குக் கும்பகோணத்து ராமானுஜன் நினைவு வராமல் இருப்பதில்லை. பதினாறு வயதை ஒட்டி அவர் கைக்குக் கிடைத்தது கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம். கார் லண்டனில் தனிப்பயிற்சி ஆசிரியர். கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்தவர். இன்றைய பேச்சில் சொன்னால் கோச்சிங் மாஸ்டர். சுமார் 5,000 முடிவுகளை வரிசையாக அடுக்கிய புத்தகம் அது. நிரூபணம் இல்லை, இருந்தாலும் ஒரு வரி. சாதாரண மாணவனை அது மனப்பாடத்தில் தள்ளியிருக்கும். ராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்து, அங்கிருந்து புதியவற்றுக்குத் தாவினார். ஆனால் எழுதும் முறை அந்தப் புத்தகத்தின் முறையாகவே அவரிடம் தங்கிவிட்டது. காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, கடைசியில் வந்த முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். 1914-ல் கேம்பிரிட்ஜ் போனபோது, முறையான நிரூபணம் எப்படி எழுதுவது என்பதை அவர் அங்கிருந்த கணித அறிஞர்கள் ஹார்டியிடமும் லிட்டில்வுட்டிடமும் கற்க வேண்டியிருந்தது. அந்த மாமேதைக்கே அது அங்கே போய்த்தான் கிடைத்தது.

அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கணிதம் தவிர மற்ற பாடங்களில் தேறாததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவருடைய உதவித்தொகை போயிற்று. எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். அப்படிப் பட்டமே இல்லாத ஒருவருக்கு 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் தங்கிப் படிக்க வருடம் 250 பவுன் கொடுத்தது. ஒரு நிறுவனம் விதியைத் தளர்த்தி ஆளைப் பார்த்தது. இன்று நம் பிள்ளைக்குப் பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய பேராசிரியருக்கு அவள் முகம் தெரியுமா, அவள் எதில் கெட்டிக்காரி என்று தெரியுமா? பல கல்லூரிகளில் பிள்ளையே கடிதத்தை எழுதிக்கொண்டு போய் நீட்டுகிறாள், கையெழுத்தாகிறது.

எஸ்ஓபி என்னும் நோக்க அறிக்கையின் கதை இன்னும் வருத்தமானது. ஏன் இந்தப் படிப்பு, நீ யார், இதுவரை என்ன செய்தாய் என்று பல்கலைக்கழகம் மாணவரிடம் நேராகக் கேட்கும் இடம் அந்த ஒன்றுதான். அதைக் கன்சல்டன்சி எழுதித் தருகிறது, இப்போது கணினியும் எழுதித் தருகிறது. இருபத்தொரு வயதுப் பெண்ணுக்குத் தன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதக் கை வரவில்லை என்றால், அதற்காக அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றோரே, அதற்குக் காசு கட்டாதீர்கள். திக்கித் திணறி அவளே எழுதட்டும். பத்து முறை எழுதட்டும். அதுதான் அவள் அங்கே தினமும் செய்யப்போகும் வேலை.

தனிப் பிள்ளைகளை விட்டு, நாடுகளைப் பார்ப்போம். பத்து வயதாகியும் ஒரு எளிய பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத குழந்தைகள் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் சுமார் 70 சதவீதம் என்று உலக வங்கி 2022-ல் மதிப்பிட்டது. கொரோனாவுக்கு முன்பே அது பாதியைத் தாண்டியிருந்தது. பள்ளிக்கூடம் கட்டினோம், சோறு போட்டோம், சைக்கிள் கொடுத்தோம், பிள்ளைகள் வந்தார்கள். தமிழ்நாடு இதில் பலருக்கும் முன்னே போன மாநிலம், அந்தப் பெருமை நமக்கு உண்டு. வந்த பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து என்ன கற்றது என்பதுதான் அடுத்த கேள்வி.

அந்தக் கேள்வியை ஒருமுறை நாமே துணிந்து கேட்டோம். 15 வயது மாணவர்களைப் பல நாடுகளில் ஒரே அளவுகோலால் பார்க்கும் பிசா தேர்வின் 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 கடைசியில் முடிவு வந்தது. 74 இடங்களில் இரு மாநிலங்களும் கடைசி வரிசையில். அந்தத் தேர்வு பாடப்புத்தகத்தைக் கேட்பதில்லை. ஒரு வரைபடத்தை, ஒரு மருந்துச் சீட்டை, ஒரு செய்தியைக் கொடுத்து, இதிலிருந்து உனக்கு என்ன புரிகிறது என்று கேட்கும். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் 2012, 2015, 2018, 2022 என எந்தச் சுற்றுக்கும் இந்தியா போகவில்லை. என் கருத்தில் அது பெரிய தவறு. காய்ச்சல் காட்டியதற்காகத் தெர்மாமீட்டரைப் பரணில் போட்டுவிட்டோம்.

2012-ல் முதல்முறை அந்தத் தேர்வுக்கு வந்த வியட்நாம், 65 இடங்களில் கணிதத்தில் 17-வதாகவும் அறிவியலில் 8-வதாகவும் வந்தது. போரில் சின்னாபின்னமாகி எழுந்த நாடு, பணக்கார நாடும் இல்லை. பதினைந்து வயதுக்குள் பள்ளியை விட்டுவிட்ட பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரவில்லை என்ற குறை சொல்லப்பட்டது. நியாயமான குறைதான். ஆனால் வேறொரு சான்றும் இருக்கிறது. ‘யங் லைவ்ஸ்’ என்ற நீண்டகால ஆய்வு, எத்தியோப்பியா, பெரு, வியட்நாம், நம் ஆந்திரம், தெலங்கானா ஆகிய இடங்களில் ஒரே குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தது. பள்ளிக்குப் போகும் முன் இந்த நாட்டுக் குழந்தைகளுக்கிடையே இருந்த இடைவெளி, தொடக்கப்பள்ளி வருடங்களில் விரிந்துகொண்டே போகிறது. வியட்நாமில் ஒரு குழந்தை ஒரு வருடம் பள்ளியில் இருந்தால், நம் குழந்தை ஒரு வருடத்தில் கற்பதைவிட அதிகம் கற்கிறது. குழந்தையின் மூளையிலோ வீட்டு வறுமையிலோ மட்டும் விடை இல்லை, வகுப்பறையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் மாநிலத்தில் இதற்கு ஒரு நல்ல தொடக்கம் நடந்திருப்பதையும் மறைக்கக் கூடாது. 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், ஒரே வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் கற்றிருக்கும் நிலையைப் பார்த்துப் பிரித்து, அந்த நிலையிலிருந்து கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்பில் இருப்பதாலேயே மூன்றாம் வகுப்புப் பாடம் புரியும் என்று எண்ணுவதை விட்டு, குழந்தை நிற்கும் இடத்துக்கு ஆசிரியர் இறங்கி வருவது சரியான வழி. நிறைய பதிவேடு நிரப்பச் சொல்கிறார்கள் என்று ஆசிரியர்கள் குறைபடுகிறார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்டுக் குறைத்தால் திட்டம் இன்னும் உருப்படும்.

மேல் வகுப்புகளில்தான் எனக்குக் கவலை. பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் தாண்டி, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே அரைத்த தனியார் பள்ளிகள் எத்தனை என்று ஊரறியும். அதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் தலையில் ஒரு பொதுத்தேர்வு குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பழைய பழக்கம் திரும்பி வராமல் யார் பார்ப்பது? வெக்டார், வகையிடல், இயக்கவியல் எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் தொடங்குகின்றன. அதைப் படிக்காத பிள்ளை எந்த நாட்டுக் கல்லூரியில் உட்கார்ந்தாலும் முதல் செமஸ்டரிலேயே வழுக்கும், கிண்டியானாலும் மியூனிக் ஆனாலும். உங்கள் பிள்ளையின் பிளஸ் ஒன் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பாதியில் நின்றிருந்தால் பள்ளியில் போய்க் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆங்கிலம் வேண்டும்தான். லெக்சர் கேட்டுக் குறிப்பெடுக்கப் பழக்கம் வேண்டும், அதற்கு வருடக்கணக்கில் காது பழக வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தைப் படித்து, பிறர் சொன்னது எது, தான் நினைப்பது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அந்தத் திறமை தமிழில் வந்திருந்தாலும் அது திறமைதான். மொழி மாறும்போது கூடவே வரும். அந்தத் திறமை இல்லாமல் ஆங்கிலம் மட்டும் சரளமாக இருந்தால், அந்த முதல் அசைன்மென்ட்டில் அதே நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருக்கும். ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில்கூட, கோச்சிங்கில் உருப்போட்ட கட்டுரையை அப்படியே இறக்கினால் திருத்துபவர் கண்டுபிடித்து மார்க்கைக் குறைத்துவிடுவார்.

அந்தத் தாய்க்கு நான் எழுதிய பதிலை இங்கேயும் தருகிறேன். ‘அம்மா, உங்கள் மகளுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, அது போதும். வாரம் ஒரு முறை அவள் துறையில் ஒரு கட்டுரையோ, செய்தித்தாளில் ஒரு நல்ல நடுப்பக்கக் கட்டுரையோ படிக்கச் சொல்லுங்கள். படித்ததை மூடி வைத்துவிட்டு, தன் வார்த்தையில் ஒரு பக்கம் எழுதட்டும். எழுதியவர் பெயர், எதில் வந்தது என்று கீழே குறிக்கட்டும். கடைசி நான்கு வரி, அவர் சொன்னதில் தனக்கு எது சரியாகப் படவில்லை என்பதாக இருக்கட்டும். அதை ராத்திரி உங்களிடம் தமிழில் சொல்லட்டும். உங்களுக்குப் புரியவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், அவள் மறுபடி விளக்கட்டும். கல்லூரி ஆய்வகத்தில் தன் கையால் எடுத்த ரீடிங்கை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதம் ஒரு கேள்வியாவது எடுத்துக்கொண்டு போய் ஒரு பேராசிரியரைப் பார்க்கட்டும். பரிந்துரைக் கடிதம் எழுத அவருக்கு அப்போதுதான் ஏதாவது இருக்கும்.’

விசா கிடைக்காமல் போகலாம். டாலர் ஏறலாம். போன வருடம் திறந்திருந்த கதவை ஒரு நாடு இந்த வருடம் சாத்தலாம், 2024-ல் கனடா மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்ததைப் பார்த்தோம். இதெல்லாம் பிள்ளையின் கையில் இல்லை. இப்படி ஒரு வருடம் எழுதிப் பழகிய பெண் போனாலும் போகாவிட்டாலும் நல்ல எஞ்சினியராக இருப்பாள். போகவே முடியாத லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கும் இதே படிப்புதான் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் தனியாக விற்கிற சரக்காக இது ஆகிவிடக் கூடாது.

நாமும் நம் பங்குக்கு ஒன்று செய்வோம். அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கத்தை மாணவர்களுக்கு ஒதுக்குகிறோம். எட்டாம் வகுப்பிலிருந்து கல்லூரி இறுதியாண்டு வரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். தாங்கள் படித்த ஏதோ ஒன்றைப் பற்றி, முந்நூறு சொல்லுக்குள், தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும். எங்கே படித்தோம் என்று குறிப்பிட வேண்டும், அதில் தாங்கள் ஏற்காத ஒரு இடத்தையாவது சொல்ல வேண்டும். எழுத்துப் பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பெற்றோரும் ஆசிரியரும் அதில் கை வைக்காமல் அப்படியே அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்